கப்பல் வராத காலம்

எங்கள் வீட்டில் வெங்காய மணம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை; எல்லா மூலையிலிருந்தும் வந்தது. விறாந்தையின் கைமரங்களில் கமுகஞ் சலாகைகளைக் கட்டி, அதில் பிடி பிடியாக விதை வெங்காயம் தொங்கவிட்டிருக்கும். அதற்குக் கீழேதான் பிள்ளைகள் நாங்கள் பாய் விரித்துப் படுப்போம். இரவில் காற்று அசைந்தால் சருகுத் தோல் கழன்று முகத்தில் விழும். விடிய எழும்பும்போது தங்கச்சியின் தலைமயிரில் ஊதா நிறத் தோல் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட அம்மா கையை வைக்கும் முன்னமே அவள் அழுது முடித்திருப்பாள். பள்ளிக்கூடச் சட்டையில் அந்த மணம், கொப்பியில் அந்த மணம், சாமியறையில் இருந்த திருநீற்றுக் குட்டானிலும் அதே மணம். வகுப்பில் இருந்த எல்லாரும் தோட்டக்காரரின் பிள்ளைகள் என்பதால் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ரீச்சர் ஒருவர் மட்டும் முதல் கிழமை முழுக்க மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு படிப்பித்தா. அவவுக்குத் தடிமன் என்று நினைத்து, அம்மாவிடம் சொல்லிக் கொத்தமல்லி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

ஊர், வலிகாமத்துச் செம்மண். சுன்னாகம் சந்தைக்குச் சைக்கிளில் சிரமமில்லாமல் போய்வரலாம். ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தோண்டிய கிணறுதான் எல்லாத்துக்கும். அப்பு காலத்தில் துலா. ஒருவர் மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, இன்னொருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, விடிவெள்ளியோடு தொடங்கினால் வெயில் ஏறும்வரைக்கும் இறைப்பு நடக்கும். ஐயா காலத்தில் மெசின் வந்துவிட்டது. அதைத் தொடக்குவது ஒரு சடங்கு. முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து, சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றுகிற அந்த நொடியில் மெசின் ஒருமுறை விக்கும், கறுப்புப் புகையைக் கக்கும், அதற்குப்பிறகுதான் ஒரு சீருக்கு வரும். அந்த விக்கலின்போது நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நின்றுபோனால் பெற்றோலும் வீண், ஐயாவின் காலை நேரத்து நல்ல மனமும் வீண். அப்பு மட்டும் வேலியோரத்தில் சுருட்டோடு குந்தியிருந்து, “உவன் துலா மிதிக்கப் பஞ்சியிலை வாங்கின சாமான்” என்று யாருக்கும் இல்லாமல் சொல்லுவார்.

தண்ணி மாறுவது என் வேலை. சின்ன மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். வெறுங்காலில் குளிர்ந்த செம்மண் குழைந்து விரல்களுக்கு இடையால் ஏறும். தாழ்த்திய பூவரசங் குழை அழுகின மணம், மண்ணெண்ணெய்ப் புகை, ஈர வெங்காயத் தாளின் காரம் மூன்றும் கலந்து வரும். இன்றைக்கும் யாராவது ஒரு பழைய மெசினைத் தொடக்கினால் என் கால்விரல்கள் தாமாகவே விரிகின்றன. நான் பாத்திகளை ஊர்ப் பேர்களாக வைத்திருந்தேன். முதல் பாத்தி காங்கேசன்துறை, பிறகு தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று றெயில் நிலையங்கள் வரிசையாக வரும். தண்ணீர் யாழ்தேவி. கொடிகாமத்தில் நான் கனவு கண்டுகொண்டு நின்றால் மல்லாகத்தில் வரம்பு உடைந்துவிடும், “தம்பி, அங்கை உடைக்குதடா!” என்று ஐயாவின் சத்தம் கிணற்றடியிலிருந்து வரும்.

அந்த மண்ணெண்ணெயும் லேசில் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் லேசில் கிடைத்தது என்று ஒன்றும் இல்லை. பாணுக்கு விடியப்புறம் கியூ. சீனி கூப்பனுக்கு; அது தீர்ந்துபோனால் ஒரு கடி பனங்கட்டியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி. சங்கக்கடையில் அரிசி வந்திருக்கிறது என்று யாராவது ஒழுங்கையில் சொல்லிக்கொண்டு போனால் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு அம்மா போவா. அந்த அரிசியில் கொஞ்சம் சீனத்திலிருந்து வந்தது. 1952-இல் செய்த ஒப்பந்தத்தின்படி நாங்கள் ரப்பர் அனுப்ப அவர்கள் அரிசி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் நான் ஒரு ரப்பர் மரத்தையும் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த ரப்பர் பென்சில் எழுத்தை அழிப்பது மட்டும்தான். இவ்வளவு அழிரப்பர் வைத்துக்கொண்டு சீனாக்காரர் என்னத்தை எழுதி எழுதி அழிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

கோதுமை மாவுக்கு எங்கள் ஊரில் அமெரிக்கன் மா என்றுதான் பேர். அமெரிக்காவில் கமக்காரருக்கு விலை விழாமல் இருக்க அரசாங்கம் தாங்கிப் பிடித்தது. விளைச்சல் மிஞ்சிக் களஞ்சியங்களில் குவிந்தது. குவிந்ததைக் கடனாகவும் உதவியாகவும் ஏழை நாடுகளுக்கு அனுப்ப 1954-இல் ஒரு சட்டம் போட்டார்கள். இதெல்லாம் பிறகு படித்து அறிந்தது. அன்றைக்கு அது எங்களுக்குப் புட்டு. மாச் சாக்கின் துணியைத் தோய்த்துக் காயவைத்து அம்மா தலையணை உறை தைத்தா; ஆங்கில எழுத்துகள் எத்தனை வெளுப்புக்கும் போகாமல் மங்கலாக நிற்கும். அமெரிக்கக் கமக்காரனுக்குக் கிடைத்த மானியத்தில் தலைவைத்துத்தான் நான் படுத்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஏங்கியது மைசூர்ப் பருப்புக்கு. கப்பலில் வந்த பண்டம், நின்றுபோயிற்று. அடுப்பில் அது பொங்கி வரும்போது எழும்புகிற நுரையையும், பாலும் பழப்புளியும் விட்டு இறக்கும்போது வரும் மணத்தையும் ஆச்சி கதைபோல விவரிப்பா. எப்போதாவது யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பிடி பருப்பு அலுமாரிக்குள் ஒரு போத்தலில் இருந்தது. காய்ச்சல்காரருக்கு என்று வைத்தது. அதற்காகவே நான் காய்ச்சல் வருத்த முயன்றதை விபரமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பருப்பை நிறுத்திய அதே கைதான் வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் நிறுத்தியது. இந்தக் கணக்கை நான் ஒரு படமாக விளங்கிக்கொண்டிருந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் பெரிய இரும்புக் கேற் ஒன்று, அதில் ஒரு பூட்டு, திறப்புக் கோர்வை சிறிமாவோ அம்மையாரின் சேலைத் தலைப்பில். அம்மாவும் அலுமாரித் திறப்பைச் சேலைத் தலைப்பில்தான் முடிந்து வைத்திருந்தா; ஆகவே பிரதம மந்திரியின் வேலை எனக்கு நன்றாகவே விளங்கியது. கேற்றுக்கு வெளியே கப்பல்களில் இந்தியாவின் வெங்காயமும் செத்தலும் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கின்றன. உள்ளே ஐயாவின் வெங்காயம் லொறி ஏறுகிறது.

படம் அவ்வளவு பிழையில்லை. தேயிலை விற்று வந்த டொலர் அரிசிக்கும் மாவுக்குமே பத்தாமல் போய்க்கொண்டிருந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதோடு கஜானாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. வராவிட்டால் உயிர் போகாது என்று அரசாங்கம் கருதிய பண்டங்களையும், உள்ளூரிலேயே விளைவிக்கலாம் என்று கருதியவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இரண்டாம் வகை. வரி போட்டிருந்தால் காசு உள்ளவன் வரியையும் கட்டி இறக்கியிருப்பான். இது வரி அல்ல, முழுத் தடை. கப்பல் வராத நாட்டில் வெங்காயம் வைத்திருக்கிறவன் சொன்னதுதான் விலை. அந்த வெங்காயத்தை வைத்திருந்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

காசு வந்தது. எப்படி வந்தது என்றால், கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் வந்தது. மண்சுவர் இருந்த இடத்தில் சீமெந்து. அக்காவின் அட்டியல் செத்தலில் செய்தது, காப்பு வெங்காயத்தில் செய்தது என்று எங்களுக்குள் கணக்கு உண்டு. றேடியோ ஒன்று வந்து சாமியறைக்குப் பக்கத்து மேசையில் ஏறி, சாமிக்குச் சமமாகப் பூப்போட்ட துணியால் மூடப்பட்டது. வெளியிலிருந்து பழங்கள் வராததால் முந்திரிகைக்கும் விலை. ஊருக்குள் வீட்டுக்கு வீடு முந்திரிகைப் பந்தல் எழும்பியது. யூரியாவுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது; 1962-இலேயே தொடங்கிய ஏற்பாடு அது. விற்கிற பக்கத்தில் கதவை அடைத்தும், வாங்குகிற பக்கத்தில் விலையைத் தாங்கியும், இரண்டு கையாலும் எங்களைத் தூக்கிப் பிடித்தது கொழும்பு.

பின்னேரமானால் ஐயா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசிகசாலைக்குப் போய் அந்தக் கொழும்பைத்தான் திட்டுவார். திட்டக் காரணம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்கிற தரப்படுத்தல் வந்திருந்தது. 1972-இல் வந்த அரசியலமைப்பு எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஈழநாடு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும். சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்கும். ஒருநாள் நிதி அமைச்சர் என். எம். பெரேராவைப் பற்றிக் கதை வந்தபோது ஐயா, “மனுசன் எங்களுக்கு நல்லது நினைக்கேல்லை, ஆனால் நல்லது செய்துபோட்டுது” என்றார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வாசிகசாலை கொஞ்சநேரம் பேசாமல் இருந்தது. ஐயா வீட்டுக்கு வந்து, திட்டின தொண்டைக்குச் சுடுதண்ணி குடித்துவிட்டு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வெங்காயச் சிட்டைகளை எண்ணத் தொடங்குவார்.

அந்தச் சிட்டைகள் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து வந்தன. சாக்குகள் லொறியில் போகும். சில நாள் கழித்து, இத்தனை அந்தர், இத்தனை கழிவு, கொமிசன் இவ்வளவு, நாட்டாமைக் கூலி இவ்வளவு என்று ஊதா மையில் எழுதின சிட்டை திரும்பிவரும். நாட்டாமை என்றால் அங்கே மூட்டை தூக்குகிறவர் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு லொறிக்கும் காசு வாங்குகிற ஒரு பெரிய மனிதர் கொழும்பில் இருக்கிறார் என்று எண்ணியிருந்தேன். ஒரு விடுமுறைக்கு ஐயா என்னையும் லொறியில் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு கடமை தரப்பட்டது. வெள்ளவத்தையில் சின்னம்மா இருந்தா. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு தின்று எவ்வளவு காலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவா. ஆனால் அந்த நாளில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது. வழியில் மறித்துச் சோதிப்பார்கள். சாப்பாட்டுக் கடைகளிலேயே கிழமையில் இரண்டு நாள் சோறு போடக்கூடாது என்ற காலம். அம்மா ஒரு தலையணை உறைக்குள், அந்த அமெரிக்கன் மாச் சாக்கு உறைக்குள், அரிசியைக் கொட்டித் தைத்தா. “மறிச்சால் நித்திரைகொள்ளு” என்றா. லொறியை மறித்தபோது நான் கண்ணை இறுக்கி மூடி, போதாததற்குக் குறட்டையும் விட்டேன். பொலிஸ்காரர் ரோச் லைற்றை என் முகத்தில் பிடித்தார். சாக்குகளைக் கம்பியால் குத்திப் பார்த்தவர், தலையணையைத் தொடவில்லை. லொறி வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனபிறகு றைவர், “அப்பிடிக் குறட்டை விடுற பொடியன் உலகத்திலை இல்லை” என்று சொல்லிச் சிரித்தார். கன்னத்தில் அரிசி பதிந்த குழிகள் வெள்ளவத்தை மட்டும் இருந்தன.

நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் நெடி கண்ணைக் கரித்தது. கை வண்டில்கள், சிங்களமும் தமிழும் கலந்த கத்தல், சாக்கின் மேல் சாக்கு, அதற்கு மேல் ஒரு பூனை. ஐயா முதலாளியோடு துணியால் மூடின கைக்குள் விரல் பிடித்து விலை பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி ஒரு தொகை சொன்னார், ஐயா தலையாட்டினார், சோடா வந்தது. என் நினைவில் தங்கிவிட்டது அதைவிட வேறு ஒன்று. சின்னம்மா வீட்டுக் குசினியில் வெங்காயம் ஒரு சிறிய ரின்னுக்குள் மூடி போட்டு இருந்தது. கறிக்கு அதைத் திறந்து இரண்டு வெங்காயம் எடுத்தா; ஒன்றைத் திரும்பப் போட்டா. செத்தலையும் எண்ணித்தான் கிள்ளினா. எங்கள் வீட்டில் சுளகால் அள்ளிப் போடுகிற பண்டம். நாங்கள் கொண்டுபோன ஒரு பை வெங்காயத்தைக் கண்டதும் அவ அரிசியைக் கண்டதிலும் பார்க்கச் சந்தோஷப்பட்டதை நான் கவனித்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசிக்கு அதிலிருந்து ஒரு கை கொடுத்தா. அந்த மனிசி அதை முந்தானையில் வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினா. கடையில் அதே வெங்காயத்துக்கு என்ன விலை என்று ஐயா சின்னம்மாவிடம் கேட்கவில்லை, சின்னம்மாவும் சொல்லவில்லை.

மிளகாய்ப் பக்கத்தை நான் கண்டது விசுவமடுவில். பெரியண்ணை, அதாவது பெரியம்மாவின் மூத்த மகன், நன்றாகப் படித்தவர், ஏ.எல். பாஸ் பண்ணியும் இடம் கிடைக்கவில்லை. விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்து குடியேற்றங்கள் இருந்தன. அங்கே போய் மிளகாய் வைத்தார். ஊரில் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும், பார்த்த மாதிரி மாறி, சாதகக் குறிப்போடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பரந்தனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டும். காடு வெட்டின மணமும், எரித்த குற்றிகளின் சாம்பலும், கண்ணுக்கு எட்டின மட்டும் மிளகாய்ச் செடிகளும். பழுத்த காயைப் பிடுங்கிப் பாயிலும் சாக்கிலும் பரப்புவார்கள். ஒரு வெயிலில் சுருங்கி, மறு வெயிலில் கறுத்துச் சிவந்து, கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கிலுகிலுக்கும். நானும் பிடுங்கப் போய், கண்ணைக் கசக்கி, பகல் முழுக்கத் தண்ணீர் வாளிக்குள் முகத்தை வைத்திருந்தேன். எனக்கு அந்த வாளியைக் கொண்டுவந்தவன் என் வயதுப் பையன் ஒருவன். அவனுடைய அம்மாவும் மாமியும் அங்கே கூலிக்கு மிளகாய் பிடுங்கினார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த குடும்பம். அவன் பேசின தமிழ் எனக்குச் சினிமாப் படத் தமிழாகக் கேட்டது. நான் பேசினது அவனுக்கு விளங்கவே இல்லை.

“லயத்துல மாவு கெடைக்கல” என்றான் ஒருமுறை, வேறு எதையோ பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது. “எங்க தாத்தா அதுலதான் செத்துப்போச்சு. அப்புறம் ரயில் ஏறி வந்துட்டோம்.” அவன் அதைச் சொன்ன விதத்தில் அழுகை ஒன்றும் இல்லை, கவண் செய்யத் தடி சீவிக்கொண்டிருந்தான். நான் எங்கள் வீட்டிலும் சீனி இல்லை, பருப்பு இல்லை என்று சரிக்குச் சரி சொன்னேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டான்.

1974-இல் தேயிலைத் தோட்டங்களில் சாவு வீதம் எப்படி ஏறியது என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நூலகத்தில் இருந்து வாசித்தேன். நாட்டுக்கு டொலர் உழைத்துக் கொடுத்தது அவர்கள் கிள்ளின கொழுந்து. அந்த டொலர் காணாமல் போனபோது முதலில் வயிறு காய்ந்ததும் அவர்களுக்கு. நெல் விளைவிக்க அவர்களிடம் காணி இல்லை, வெங்காயம் வைக்கக் கிணறு இல்லை. எல்லாம் வாங்கித் தின்ன வேண்டிய சனம். பண்டத்துக்கு விலை ஏறினால் விளைவிக்கிறவன் வாழ்வான், வாங்குகிறவன் வாடுவான் என்று பொருளாதாரப் புத்தகம் இரண்டு வரியில் சொல்லிப்போகிறது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு ரயில் ஓடியிருக்கிறது. அதிலிருந்து இறங்கியவர்கள் வந்து எங்களுக்கே மிளகாய் பிடுங்கினார்கள். பெரியண்ணை கூலியைக் குறைக்காத மனிதர், சனிக்கிழமைகளில் அவர்களுக்குச் செத்தலும் அள்ளிக் கொடுப்பார். அது அவருடைய நல்ல குணம். கணக்கு வேறு.

1977 ஆடியில் தேர்தல். ஜே. ஆர். ஜயவர்த்தனவின் கட்சி 168 இடங்களில் 140 பிடித்தது. அப்புவுக்கு அவர் பேரைக் கேட்டால் 1953தான் நினைவு. அந்த வருஷம் நிதி அமைச்சராக இருந்து, கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றி, நாடு முழுக்க ஹர்த்தால் வந்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டே போன கதை. “எழுபது சதக்காரன் வாறான்” என்றார் அப்பு. அடுத்த மாதமே கலவரம் வந்தது. அதை இங்கே எடுத்தால் வெங்காயத்துக்குத் திரும்ப முடியாது. கார்த்திகையில் வரவுசெலவுத் திட்டம். ஐயா றேடியோவின் துணியை எடுத்துவிட்டுக் கிட்ட இருந்து கேட்டார். தடைகள் போகின்றன, இனி வேண்டியதைக் கொண்டுவரலாம், ரூபாயின் பெறுமதியைச் சந்தை தீர்மானிக்கும். ஒரு டொலர் பதினாறு ரூபாய் அளவுக்குப் போய் நின்றது.

முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்கக் கூடாது. மைசூர்ப் பருப்பு வந்தது! கடைக்குள் சாக்கு வாயைச் சுருட்டிவிட்டு, செம்மஞ்சளாக, கை வைத்து அளையலாம் போல. அலுமாரிப் போத்தல் காலியாகி, அதில் பொத்தான்கள் குடிவந்தன. பாண் கியூ போயிற்று. சீனி போட்ட தேத்தண்ணியை ஆச்சி முதல்நாள் குடித்துவிட்டு “தித்திக்குது” என்று குறை சொன்னா. சின்னம்மா கொழும்பிலிருந்து வரும்போது பம்பாய் வெங்காயம் ஒன்று கொண்டுவந்தா. பெரியது, வெளிறின சிவப்பு. நாங்கள் அதைச் சுற்றி இருந்து பார்த்தோம். அம்மா வெட்டி மணந்தா. “உதிலை காரமே இல்லை, தண்ணிதான்” என்று ஐயா தீர்ப்புச் சொன்னார். ஆனால் தீர்ப்பு அவருடைய கையில் இல்லை. நாலாம் குறுக்குத் தெருவில் இருந்தது.

அடுத்த போகத்துக்கு வந்த சிட்டையைப் பார்த்துவிட்டு ஐயா அதை மற்றப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். டொலர் விலை ஏறினால் வெளியிலிருந்து வருகிற வெங்காயத்துக்கும் விலை ஏற வேண்டும்தானே, அது எங்களுக்கு நல்லதுதானே என்று பெரியண்ணை வந்து கணக்குப் போட்டுக் காட்டினார். படித்தவர், கணக்குச் சரிதான். ஆனால் கதவு முழுக்க அடைத்திருந்த காலத்து விலையோடு பார்த்தால் எந்த விலைக்கு வந்த வெங்காயமும் மலிவு. அதோடு டொலர் ஏறியதன் மற்றக் கை எங்கள் கிணற்றடிக்கு வந்தது. மண்ணெண்ணெய். 1979-இல் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது, மண்ணெண்ணெய்க்கும் முத்திரை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு, விளக்குக்கும் அடுப்புக்கும் கணக்குப் பார்த்து. வெங்காயப் பாத்திக்கு முத்திரை இல்லை. மெசின் விக்கும்போது இப்போது ஐயாவும் விக்கினார். அறுவடை நேரம் பார்த்துத்தான் கப்பலை விடுகிறார்கள் என்று வாசிகசாலையில் சொன்னார்கள்; நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணவும் ஆள் இருந்தது. விலை ஏறும் ஏறும் என்று கொட்டிலில் வைத்திருந்த வெங்காயம் முளைத்தது. பச்சை முளையோடு அதைக் கறி வைத்தோம், சம்பல் இடித்தோம், மாட்டுக்கும் போட்டுப் பார்த்தோம்; மாடு திரும்பிக் கொண்டது.

பெரியண்ணையின் மோட்டார் சைக்கிள் கைமாறியது. இரண்டு போகம் பார்த்தார், மூன்றாவதுக்கு நிற்கவில்லை; மத்திய கிழக்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொழும்புக்குப் போய் அப்படியே பறந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் பாதி புகையிலைக்குத் திரும்பியது. மீதியில் ஐயா வெங்காயம்தான் வைத்தார். ஏன் என்று கேட்டால், “விதை வெங்காயம் கிடக்குதெல்லே” என்பார்.

இப்போதும் செய்தியில் வெங்காயம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டுகிறேன். முழுத் தடை என்ற முரட்டுக் கருவி போய், 2007-இல் விசேட பண்ட வரி என்று ஒன்று வந்தது; தம்புள்ளையில் அறுவடை என்றால் ஓர் இரவில் வர்த்தமானி வெளியிட்டு வரியை ஏற்றுவார்கள், பண்டிகை கிட்டினால் இறக்குவார்கள். கேற்றுக்குப் பதில் இப்போது ஒரு வாய்க்கால் மறிப்பு. திறந்து அடைக்கிறவன் கொஞ்சம் கனவு கண்டால் எங்கேயோ ஒரு வரம்பு உடையும். கதவு ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. 2023 ஆவணியில் இந்தியா தன் வெங்காயத்துக்கு 40 வீதம் ஏற்றுமதி வரி போட்டது, மார்கழியில் ஏற்றுமதியையே நிறுத்தியது; தன் வீட்டுக் குசினியைக் காப்பாற்ற. கொழும்புக் குசினிகளில் விலை பறந்தது. சின்னம்மா இருந்திருந்தால் அந்த ரின்னை மறுபடி எடுத்திருப்பா.

ஐயாவும் அம்மாவும் இந்த வழக்கைக் கடைசிமட்டும் தீர்க்கவில்லை. வயதான காலத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு அது ஒவ்வொரு நாளும் தொடங்கும். ஐயா சோற்றைப் பிசைந்துகொண்டே சுவரைக் காட்டுவார்: “அந்த மனிசி கேற்றைப் பூட்டி வைச்சபடியாலைதான் இந்த வீடு.”

“ஓம், பூட்டினதுக்கு உள்ளை இருந்து சீனியில்லாத் தேத்தண்ணி குடிச்சது நான்தானே” என்பா அம்மா. “சின்னவள் காய்ச்சலோடை கிடக்கேக்கை ஒரு பிடி பருப்புக்கு நான் எத்தினை படலை தட்டினனான்? உங்கடை வெங்காயத்தையோ கரைச்சுக் குடுக்கிறது?”

ஐயா கொஞ்சநேரம் பேசாமல் சாப்பிடுவார். பிறகு கோப்பையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, மைசூர்ப் பருப்பில் இன்னொரு அகப்பை கேட்பார். அம்மா போடுவா, போடும்போது ஒரு வார்த்தையும் சொல்லமாட்டா, சட்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பா.